உத்தமம் யாருக்கு? - ஈட்டுமுறை இரசாயன ஆலை வடிவமைப்பில் ஒருங்கிணைந்த அணுகுமுறை பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

இரசாயனப் பொறியியல் பற்றிய எழுத்துக்களிலே கடந்த அரை நூற்றாண்டுக் காலமாகப் பெருவழக்குப் பெற்றுவந்துள்ள தொடர்களுள் 'ஒருங்கிணைந்த அணுகுமுறை' என்பதும் ஒன்றாகும். தனித்தனியே நோக்கப்பட்டுவந்த பிரச்சினைகளை ஒன்றுசேர்த்து நோக்குதல் என்பது இதன் பொதுப்பொருள். அறிவுத்துறை எதுவாயினும் இத்தகைய நோக்கு வரவேற்கத்தக்கதே. ஆயினும் எவற்றை ஒன்றிணைக்கின்றோம், எவற்றை வெளியே விடுகின்றோம், அத்தெரிவைச் செய்பவர் யார் என்னும் வினாக்கள் எழுப்பப்படாதவிடத்து ஒருங்கிணைப்பு என்பது வெறுமனே ஒரு நல்ல சொல்லாக நின்றுவிடும். ஈட்டுமுறை இரசாயன ஆலைகளின் வடிவமைப்புத் தொடர்பாக எழுந்த ஆய்வுகளை இவ்வினாக்களின் அடிப்படையில் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்ச் சங்க ஆய்விதழொன்றில் இத்தகைய பொருள் இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். விமர்சனம் கவிதைக்கும் நாவலுக்கும் மட்டுமே உரித்தானதென நாம் கருதவில்லை. இலக்கியப் படைப்பொன்றை அதன் சமூக அடித்தளத்தோடு சேர்த்து நோக்கப் பழகிய நாம் ஓர் ஆலையின் வரைபடத்தையும் அவ்வாறே நோக்கலாம். அதுவும் மனிதர் வரைந்ததே. சில நலன்களை முன்வைத்து வரையப்பட்டதே.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு. எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்திற் போன்று மூலப்பொருள் ஒரு முனையில் இடைவிடாது புக, விளைபொருள் மறுமுனையில் இடைவிடாது வெளிவரும் முறையைத் தொடர்முறை என்பர். அவ்வாறன்றிக் குறித்த அளவு பொருளைக் கலனில் இட்டு, சூடாக்கி, தாக்கமுறவிட்டு, வெளியே எடுத்து, கலனைக் கழுவி, மீண்டும் இடும் முறையைத் தொழிற்சாலைகளில் 'பாட்ச்' என்று வழங்குகின்றனர். இட்டலி அவிப்போர் ஒரு தடவையில் அவிப்பதை 'ஓர் ஈடு' என்பது தமிழ் வழக்கு. அச்சொல்லையே நாம் இங்கு எடுத்தாளுகின்றோம். மருந்துகள், சாயங்கள், பூச்சிநாசினிகள், வாசனைப் பொருள்கள் முதலியன பெரும்பாலும் ஈட்டுமுறையிலேயே உற்பத்தியாகின்றன. இவை சிறிய அளவில் வேண்டப்படுவன, வகையிற் பலவாவன, ஒரே கலன் இன்று ஒரு பொருளையும் நாளை வேறொரு பொருளையும் ஆக்கவேண்டியிருக்கும். பெருமூலதனமின்றி இரசாயனக் கைத்தொழிலிற் புகும் நாடுகள் பலவற்றுக்கும் இதுவே வாயிலாக அமைவதால், இம்முறையின் வடிவமைப்புப் பற்றிய சிந்தனை எம்போன்ற நாடுகளுக்குப் புறம்பானதன்று.

2

தொடர்முறை ஆலையை வடிவமைப்பவருக்குக் காலம் ஒரு பிரச்சினையாகத் தோன்றுவதில்லை. எல்லாம் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஈட்டுமுறையிலோ காலமே முதன்மையானது. ஓர் உதாரணத்தை நோக்குவோம். ஒரு பொருளை ஆக்குவதற்கு மூன்று கட்டங்கள் தேவையெனக் கொள்வோம்: தாக்கத்துக்கு 8 மணித்தியாலம், காய்ச்சி வடித்தலுக்கு 4 மணித்தியாலம், உலர்த்தலுக்கு 6 மணித்தியாலம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கலன் உண்டு. ஓர் ஈடு காய்ச்சி வடிக்கப்படுகையில் அடுத்த ஈட்டைத் தாக்கக்கலனில் இடலாம். ஆகவே மிக நீண்ட கட்டமே ஆலையின் வேகத்தை நிர்ணயிக்கும். 8 மணித்தியாலத்துக்கு ஓர் ஈடு வெளிவரும். ஆண்டுக்கு 6000 மணித்தியாலம் ஆலை இயங்கினால் 750 ஈடுகள் கிடைக்கும். 1500 தொன் வேண்டுமாயின் ஓர் ஈடு 2 தொன்னாக இருத்தல் வேண்டும்.

இனி, ஒன்றுக்கொன்று பின்தங்கி இயங்கும் இரண்டு தாக்கக்கலன்களை வைப்போமாயின் அக்கட்டத்தின் பயன்படு காலம் 4 மணித்தியாலமாகக் குறையும். உலர்த்தி நீண்ட கட்டமாகிவிடும். 6 மணித்தியாலத்துக்கு ஓர் ஈடு. ஆண்டுக்கு 1000 ஈடுகள். ஓர் ஈடு 1.5 தொன். கலன்கள் யாவும் காற்பங்கு சிறியனவாகலாம். ஆனால் தாக்கக்கலன்கள் இரண்டு வேண்டும். எது மலிவானது? கலனின் பருமனையும் எண்ணிக்கையையும் உற்பத்தியின் நேரசூசியையும் ஒன்றாக வைத்தே இதற்கு விடைகாண முடியும். ஒன்றை முதலில் முடிவுசெய்துவிட்டு மற்றதைப் பின்னர் பார்ப்பதென்பது தவறான விடையைத் தரும். ஒருங்கிணைந்த அணுகுமுறை தோன்றியதற்கான உண்மையான தேவை இதுவேயாகும்.

இத்தேவையை உணர்ந்து செய்யப்பட்ட ஆய்வுகளுள் 1972 இல் றொபின்சன், லூங்கர் ஆகியோர் வெளியிட்டதும், 1975 இல் சூரிச் கூட்டாட்சித் தொழினுட்ப நிறுவனத்திலிருந்து ஸ்பறோ, போர்டர், றிப்பின் ஆகியோர் வெளியிட்டதும் ஆரம்பநிலையில் முக்கியமானவை. 1979 இல் குறொஸ்மனும் சார்ஜென்றும் இப்பிரச்சினையைக் கலப்பு முழுவெண் நிரலாக்கமாக வகுத்துரைத்தனர். கலன்களின் கனவளவு தொடர்ந்து மாறத்தக்க கணியம். கலன்களின் எண்ணிக்கை முழுவெண். இரண்டும் ஒரே சமன்பாட்டுத் தொகுதியுள் அமைந்தன. 1993 இல் கொண்டிலி, பான்றெலிடெஸ், சார்ஜென்ற் ஆகியோர் 'நிலை - பணி வலை' என்னும் குறியீட்டு முறையை முன்வைத்தனர். மூலப்பொருள், இடைப்பொருள், விளைபொருள் என்பன நிலைகள். அவற்றை ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றும் செயல்கள் பணிகள். எந்தக் கலனில் எந்தப் பணி எந்நேரத்தில் நிகழ்வது என்பது முன்கூட்டியே விதிக்கப்படாமல் கணிதத்தின் விடையாகவே வெளிவந்தது. இது உண்மையிலே பெரிய முன்னேற்றமாகும். அனுபவமிக்க ஒரு மேற்பார்வையாளரின் மனத்திலே மாத்திரம் இருந்த அறிவை யாவரும் பரிசீலிக்கத்தக்க வடிவில் எழுதிக்காட்டிய பெருமை இவ்வாய்வாளர்க்கு உண்டு. எமது விமர்சனம் இப்பெருமையைக் குறைப்பதற்காக எழுந்ததன்று.

3

இச்சமன்பாடுகளின் தலைப்பிலே நிற்பது நோக்கச் சார்பு எனப்படும் ஒரு வரியாகும். எதனைக் குறைக்கவேண்டும் அல்லது கூட்டவேண்டும் என்பதைக் கூறும் வரி அது. மேற்குறித்த மரபிலே அது பெரும்பாலும் கலன்களின் விலையாகவே இருந்துவந்துள்ளது. கலனின் விலை அதன் கனவளவின் ஓர் அடுக்குக்கு விகிதசமமாகக் கொள்ளப்படும். அவ்வடுக்கு ஏறத்தாழ 0.6. றொஜர் வில்லியம்ஸ் 1947 இல் எடுத்துக்காட்டிய பத்தில் ஆறு விதி என்பதும் இதுவே. கனவளவு இருமடங்கானால் விலை இருமடங்காவதில்லை. ஏறத்தாழ ஒன்றரை மடங்கே ஆகின்றது. எனவே பெரிய கலன் எப்போதும் சிக்கனமானது. எமது உதாரணத்திலே ஒரு தொன்னுக்கு 4 கன மீற்றர் வேண்டுமெனக் கொண்டால், 8 கன மீற்றர்க் கலனொன்றுக்குப் பதிலாக 6 கன மீற்றர்க் கலன்கள் இரண்டை வாங்குவதால் தாக்கக்கலன்களுக்கான செலவு 68 சதவீதம் கூடும். வடிகலனும் உலர்த்தியும் சிறிதாவதால் அவற்றின் செலவு 16 சதவீதம் குறையும். ஆகவே பின்னைய இரண்டின் விலை முதற் தாக்கக்கலனின் விலையிலும் நான்கு மடங்குக்குச் சற்று மேலாக இருந்தாலன்றி, உத்தம விடை ஒரு பெரிய கலனே என்று கணிதம் கூறிவிடும்.

இந்த 0.6 என்னும் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பது பயனுடையது. கலன் என்பது உருக்குத் தகட்டாலானது. வாங்குபவர் பணம் கொடுப்பது பெரும்பாலும் தகட்டுக்கே, அதாவது மேற்பரப்புக்கே. ஒரே வடிவமுள்ள கலன்களில் மேற்பரப்பு கனவளவின் மூன்றில் இரண்டு அடுக்காக வளரும். 0.6 இதற்கு அணித்தானது. ஆனால் புறவெப்பத் தாக்கமொன்றில் வெப்பம் தோன்றுவது கனவளவு முழுவதிலும். அவ்வெப்பத்தை உறையினூடாகக் குளிர்நீர் வாங்கிச்செல்வது மேற்பரப்பில் மட்டும். கனவளவு எட்டு மடங்கானால் மேற்பரப்பு நான்கு மடங்கே ஆகும். ஒவ்வொரு லீற்றருக்கும் கிடைக்கும் குளிர்ச்சி பாதியாகிவிடும். பெரிய கலனைச் சிக்கனமாக்கும் அதே கேத்திரகணிதந்தான் அதனை ஆபத்தானதாகவும் ஆக்குகின்றது. செலவு மேற்பரப்பைத் தொடர்கின்றது. ஆபத்து கனவளவைத் தொடர்கின்றது. நோக்கச் சார்பில் முதலாவது மாத்திரம் எழுதப்பட்டிருக்கின்றது.

இதனாற் சிறிய கலன்களே எப்போதும் சிறந்தவை என்று முடிவுசெய்தல் அவசரமாகும். இரண்டு 6 கன மீற்றர்க் கலன்களில் உள்ள மொத்தப் பொருள் 12 கன மீற்றர். ஒரு பெரிய கலனில் உள்ளதோ 8 மாத்திரமே. தாக்கம் கட்டுமீறுவதே முதன்மையான ஆபத்தாயின் ஒரு கலனின் கொள்ளளவு கணக்கிலெடுக்கப்படல் வேண்டும். நச்சுப்பொருள் கசிவதே முதன்மையாயின் ஆலையிலுள்ள மொத்த இருப்பும் கணக்கிலெடுக்கப்படல் வேண்டும். விடை தாக்கத்தின் இயல்பைப் பொறுத்தது. நாம் சுட்டிக்காட்ட விரும்புவது, இவ்வினா அச்சமன்பாட்டினுள்ளே கேட்கப்படவேயில்லை என்பதைத்தான்.

காலத்தைப் பற்றியும் இவ்வாறே கூறலாம். வெப்பத்தைக் கட்டுப்படுத்துவதற்கு அனுபவசாலிகள் கையாளும் சிறந்த வழிகளுள் ஒன்று, தாக்கிகளுள் ஒன்றைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பதாகும். சேர்த்தது உடனடியாகத் தாக்கமுற்றுத் தீருமாயின் எந்த வேளையிலும் வால்வை மூடி ஆபத்தை நிறுத்திவிடலாம். இதற்கு நேரம் வேண்டும். ஆனால் தாக்கக் கட்டமே மிக நீண்ட கட்டமாயின் அந்நேரம் முழுவதும் ஆலையின் சுற்றுக்காலத்தை நீட்டும் செலவாகவே மாதிரியில் தோன்றும். அங்கே எட்டு மணித்தியாலத்தை ஆறாகக் குறைப்பது வெற்றியாகும்; அந்த இரண்டு மணித்தியாலத்தில் ஒரு தொழிலாளியின் பாதுகாப்பு அடங்கியிருந்தது என்பதைக் காட்டும் குறியீடு எதுவும் அங்கில்லை.

4

இவ்விமர்சனம் வெறும் தருக்கத்தின் பாற்பட்டதன்று. 1976 யூலை 10 ஆம் திகதி சனிக்கிழமை நண்பகலின் பின் இத்தாலியின் மிலான் நகருக்கு வடக்கே மேடா என்னுமிடத்திலிருந்த இக்மேசா தொழிற்சாலையில் நிகழ்ந்ததை ஈண்டு நினைவுகூர்தல் தகும். அங்கு ட்ரைகுளோரோபீனோல் ஈட்டுமுறையில் ஆக்கப்பட்டது. தாக்கம் முடிந்தபின் கரைப்பானாகிய எதிலீன் கிளைக்கோலில் ஏறத்தாழ அரைப்பங்கைக் காய்ச்சி வடித்து அகற்றி, பின்னர் நீரைச் சேர்த்துக் குளிரவிடுதலே செய்முறை. வார இறுதிக்காக ஆலை மூடப்படவேண்டியிருந்தது. அன்று அதிகாலை முறைமாற்று நேரம் நெருங்கியபோது கிளைக்கோலில் 15 சதவீதம் மாத்திரமே அகற்றப்பட்டிருந்தது. வடித்தல் இடையிலே நிறுத்தப்பட்டது, கலக்கியும் நிறுத்தப்பட்டது, நீர் சேர்க்கப்படவில்லை. ஈடு 158 பாகை செல்சியசில் அப்படியே விடப்பட்டது.

கலனைச் சூடாக்குவதற்குப் பயன்பட்டது ஒரு சுழலியிலிருந்து வெளியேறும் கழிவு நீராவி. வழக்கமாக அதன் வெப்பநிலை ஏறத்தாழ 190 பாகை. வார இறுதிக்காக ஆலையின் ஏனைய பகுதிகள் மூடப்பட்டுவந்தமையாற் சுழலியின் சுமை குறைந்தது. வெளியேறிய நீராவி ஏறத்தாழ 300 பாகைவரை சூடேறியது. திரவமட்டத்துக்கு மேலேயிருந்த கலன் சுவர் மிகுந்த சூட்டை அடைந்தது. கலக்கி ஓடாமையால் அச்சூடு மேற்படையிலேயே தங்கி, 180 பாகையளவில் தொடங்கும் மெதுவான புறவெப்பத் தாக்கத்தை அங்கே தூண்டியது. ஏறத்தாழ ஏழு மணித்தியாலங்களின் பின் பாதுகாப்புத் தகடு உடைந்து, டயொக்சின் கலந்த முகில் அயலிலுள்ள செவேசோ நகர்மீது படிந்தது. எழுநூறுக்கும் மேற்பட்டோர் தமது வீடுகளை விட்டகல நேர்ந்தது. ஏறக்குறைய இருநூறு பேருக்கு, பெரும்பாலும் சிறுவர்க்கு, தோல்நோய் கண்டது. பல்லாயிரம் விலங்குகள் இறந்தன அல்லது கொல்லப்பட்டன. ஐரோப்பியப் பொருளாதார சமூகம் 1982 இல் வெளியிட்ட பெருவிபத்து நெறிமுறை இந்நகரின் பெயராலேயே வழங்கப்படுகின்றது.

இந்நிகழ்ச்சியை வடிவமைப்பு நோக்கிற் பார்ப்போமாயின் ஓர் உண்மை தெளிவாகும். இங்கு எல்லாமே ஒருங்கிணைந்திருந்தன. கழிவு நீராவியைக் கொண்டு சூடாக்குதல் ஆற்றற் சிக்கனத்தின் நல்ல உதாரணம். ஆனால் அதன் காரணமாகவே ஒரு கலனின் சூடு அயலிலுள்ள வேறு பகுதிகளின் நேரசூசியோடு பிணைக்கப்பட்டது. நேரசூசி தொழிலாளரின் முறைமாற்றோடும் வார இறுதியோடும் பிணைந்திருந்தது. பொருள்கள் யாவும் ஒன்றோடொன்று தொடர்புற்றிருந்தன. அத்தொடர்பை முழுமையாக அறிந்த மனிதர் ஒருவரும் அவ்வேளை அக்கலனருகே இருக்கவில்லை. குழாய்கள் ஒருங்கிணைந்த அளவுக்குச் சிந்தனை ஒருங்கிணையாமையே அவலத்தின் தோற்றுவாய் எனலாம்.

நிலை - பணி வலையிலே இவ்வீட்டை எவ்வாறு எழுதுவது? வடித்தலுக்கு முன்னுள்ள நிலை ஒன்று. பின்னுள்ள நிலை மற்றொன்று. பாதி வடிக்கப்பட்டு, கலக்கப்படாது, சூட்டோடு விடப்பட்ட ஈடு என்னும் நிலைக்கு அவ்வலையில் வட்டம் எதுவும் இல்லை. பணி தொடங்கினால் முடியும் என்பது அம்மாதிரியின் எடுகோள். தொழிற்சாலையில் வேலைசெய்தோர் எவரும் அவ்வெடுகோளை ஏற்கமாட்டார். மின்சாரம் நின்றுபோகும், குளிர்நீர் வராது, பம்பி பழுதாகும், முறை முடிந்து ஆள் மாறும். இடையில் நின்றுபோன ஈடு விதிவிலக்கன்று; ஈட்டுமுறையின் அன்றாட உண்மையே அது.

5

இடைக்களஞ்சியம் பற்றிய கோட்பாடும் இவ்வகையில் மீளாய்வுக்குரியது. இரண்டு கட்டங்களுக்கிடையே ஒரு தாங்கியை வைத்தால் முன்னுள்ள கட்டமும் பின்னுள்ள கட்டமும் தத்தம் வேகத்தில் இயங்கலாம். எல்லாக் கலன்களையும் ஒரே ஈட்டளவுக்கு அமைக்கவேண்டியதில்லை. 1982 இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தக்கமத்சு, ஹஷிமோட்டோ, ஹசேபே ஆகியோர் இதனை விரிவாக ஆராய்ந்தனர். இன்று நூல்களிலே களஞ்சியக் கொள்கைகள் பல வகுத்துரைக்கப்படுகின்றன: வரையறையற்ற களஞ்சியம், வரையறையுள்ள களஞ்சியம், களஞ்சியமின்மை, காத்திருப்பின்மை என்பன அவை. பகுப்பின் அடிப்படை வசதியும் விலையும் பொருளின் உறுதித்தன்மையுமே. தாங்கியிலுள்ள பொருள் வெளியேறினால் அயலில் வாழ்வோருக்கு யாது நேரும் என்பது இப்பகுப்பின் அடிப்படைகளுள் ஒன்றாகவில்லை.

1984 டிசெம்பர் 2 ஆம் திகதி நள்ளிரவை அண்டி போபாலில் நிகழ்ந்ததை உலகம் அறியும். நாற்பது தொன்னுக்கு மேற்பட்ட மெதைல் ஐசோசயனேற்று இருந்த தாங்கியினுள் நீர் புகுந்து, தாக்கம் கட்டுமீறி, நச்சுவாயு உறங்கிக்கொண்டிருந்த ஏழை மக்களின் குடியிருப்புக்களுட் பரவி, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தாங்கியைக் குளிர்விக்கும் அமைப்பு முன்னரே நிறுத்தப்பட்டிருந்தது. இவ்விபத்தை ஈட்டுமுறைக்கு மாத்திரம் உரியதாக நாம் கூறவில்லை. ஆனால் அப்பொருள் மூலப்பொருளுமன்று, விளைபொருளுமன்று. வசதிக்காகக் களஞ்சியப்படுத்தப்பட்ட ஓர் இடைப்பொருள். இதனை வலியுறுத்தியவர் பிரித்தானியப் பொறியியலாளரான ட்ரெவர் கிளெற்ஸ். அவர் போபாலுக்கு ஆறு ஆண்டுகள் முன்னரே, 1978 இல், இல்லாத பொருள் கசியமாட்டாது என்னும் கருத்தை முன்வைத்துக் கட்டுரை எழுதியிருந்தார். 1974 இல் இங்கிலாந்தின் பிளிக்ஸ்பறோவில் 28 தொழிலாளர் மாண்ட வெடிவிபத்து அச்சிந்தனைக்குப் பின்னணியாயிற்று. அதே பூச்சிநாசினியை, தாக்கங்களின் வரிசையை மாற்றி, மெதைல் ஐசோசயனேற்று தோன்றாத வழியிலும் ஆக்கலாம் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். அவ்வழியிலும் பொஸ்ஜீன் என்னும் நச்சுவாயு வேண்டும். ஆகவே அது தீங்கற்ற வழியன்று. ஆயினும் எப்பொருளை எவ்வளவு வைத்திருப்பது என்பது ஒரு வடிவமைப்புத் தீர்மானம், விதியன்று, என்னும் உண்மை இதனாற் பெறப்படும்.

6

ஒரு குறிப்பிடத்தக்க முரண்பாடு இங்கு மனங்கொளத்தக்கது. ஈட்டுமுறையின் உத்தமப்படுத்தலை முன்னெடுத்த நிலையங்களுள் ஒன்று சூரிச்சில் இருந்தது எனக் கண்டோம். அதே சுவிற்சர்லாந்தின் பாசல் நகரமோ ஈட்டுமுறையில் இயங்கும் சாய, மருந்துக் கைத்தொழிலின் தாயகங்களுள் ஒன்று. தாக்கம் கட்டுமீறுவதை ஆராய்ந்த கைகக்ஸ், ஸ்ரோசல் முதலியோர் அச்சூழலிலேயே தமது முறைகளை வளர்த்தனர். குளிர்நீர் இப்பொழுதே நின்றுவிட்டால் இவ்வீடு எந்த வெப்பநிலையை அடையும், அதற்கு எவ்வளவு நேரம் செல்லும் என்பனவே அவர்களின் வினாக்கள். கலோரிமானியால் அளந்து இவற்றுக்கு விடைகாணலாம். ஆகவே அறிவு இருக்கவில்லை என்று எவரும் கூறவியலாது. ஒரு சாரார் சுற்றுக்காலங்களின் அட்டவணையை வைத்திருந்தனர். மற்றொரு சாரார் வெப்பங்களின் அட்டவணையை வைத்திருந்தனர். ஒருங்கிணைப்பைப் பற்றிப் பேசிய இலக்கியத்தின் பெரும்பகுதி இவ்விரு அட்டவணைகளையும் ஒரே பக்கத்தில் வைக்கவில்லை.

விதிவிலக்குகள் உண்டு என்பதையும் நேர்மையோடு கூறவேண்டும். ஈட்டுமுறையிலே கழிவு தோன்றுவதை வடிவமைப்பு நிலையிலேயே தவிர்ப்பது பற்றி 1990களில் ஸ்ரெபனோபௌலோசும் அவரைச் சார்ந்தோரும் ஆராய்ந்தனர். பாதுகாப்பு, உடல்நலம், சூழல் ஆகியவற்றைச் செய்முறை உருவாகும் ஆரம்பக் கட்டத்திலேயே மதிப்பிடும் முறையொன்றைக் கொல்லர், பிஷர், ஹுங்கர்பூலர் ஆகியோர் 2000 ஆம் ஆண்டில் சூரிச்சிலிருந்தே வெளியிட்டனர். இவை நம்பிக்கை தரும் முயற்சிகள். ஆயினும் மாணவர் முதலிற் கற்பது சுற்றுக்காலமும் பத்தில் ஆறு விதியுமே. ஏனையவை பின்னர், விருப்பப் பாடமாக, வருமாயின் வரும்.

அதன் விளைவு யாது? 2007 டிசெம்பர் 19 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து ஜக்சன்வில் நகரில் ரீ2 லபோரட்டறீஸ் என்னும் சிறிய நிறுவனத்தின் தாக்கக்கலன் வெடித்தது. நால்வர் மாண்டனர், 32 பேர் காயமுற்றனர், காயமுற்றோரிற் பெரும்பாலோர் ஆலைக்கு வெளியே நின்ற பொதுமக்கள். அது 175 ஆவது ஈடு. 42 ஆவது ஈட்டிலிருந்து ஈட்டின் அளவு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கூட்டப்பட்டிருந்தது. குளிர்விப்பதற்கு நகரசபைக் குழாய்நீர் மட்டுமே இருந்தது. அது தவறினால் மாற்று வழி இருக்கவில்லை. உயர்ந்த வெப்பநிலையிலே சோடியத்துக்கும் கரைப்பானுக்குமிடையே இரண்டாவது தாக்கமொன்று தொடங்கும் என்பதை ஆலையை அமைத்தோர் அறிந்திருக்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட ஈடுகள் வெளிவந்தமையே பாதுகாப்புக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது போலும். விசாரணை நடாத்திய அமெரிக்க இரசாயனப் பாதுகாப்புச் சபை தனது 2009 ஆம் ஆண்டறிக்கையில், இளமாணிப் பாடத்திட்டத்திலேயே தாக்க ஆபத்துக்கள் பற்றிய அறிவு சேர்க்கப்படவேண்டும் என இரசாயனப் பொறியியலாளர் நிறுவகத்துக்கும் பாடநெறிகளை அங்கீகரிக்கும் அமைப்புக்கும் விதந்துரைத்தது. ஒரு வெடிவிபத்தின் காரணங்களைத் தேடிச்சென்றோர் வகுப்பறையின் வாயிலில் வந்து நின்றனர் என்பது சிந்திக்கத்தக்கது. அதே சபை 2002 இல் வெளியிட்ட ஆய்வொன்று, 1980 முதல் 2001 வரை அந்நாட்டில் நிகழ்ந்த 167 பாரதூரமான தாக்க விபத்துக்களையும் அவற்றில் மாண்ட 108 பேரையும் கணக்கிட்டிருந்தது.

7

எமது விமர்சனத்துக்கு ஒரு மறுப்பு எழலாம். கணித மாதிரி நடுநிலையானது. வேண்டிய மட்டுப்பாட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். வெப்பத்தையும் இருப்பையும் எழுதினால் அவற்றையும் கணக்கிட்டுத் தரும் என்பர். இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் நாம் குறைகூறுவது கணிதத்தையன்று. அதன் முதல் வரியை எழுதும் வழக்கத்தையே. மூலதனச் செலவு நோக்கச் சார்பிலே தானாக இடம்பெறுகின்றது. மனிதரின் பாதுகாப்போ யாரேனும் நினைவுகூர்ந்தால் மாத்திரம் மட்டுப்பாடாகச் சேர்கின்றது. முன்னையது எந்நேரமும் தேடப்படும் இலக்கு. பின்னையது தொடாது தப்பிச்செல்லவேண்டிய வேலி. இவ்வேறுபாடு கணிதத்தின் தேவையாற் பிறந்ததன்று. ஆலையை உடைமையாகக் கொண்டோரின் நோக்கிலிருந்து பிரச்சினை வகுக்கப்பட்டமையாலேயே பிறந்தது. கலனருகே நிற்பவரோ வேலிக்கப்பால் வாழ்பவரோ அவ்வரியை எழுதியிருந்தால் அது வேறுவிதமாக அமைந்திருக்கும்.

இவ்வடிப்படையில் மூன்று விடயங்களை நாம் முன்மொழிய விரும்புகின்றோம். முதலாவது, கட்டமொன்றின் காலம் தரப்படும் ஒவ்வோர் இடத்திலும் அக்கட்டத்திற் குளிர்ச்சி நின்றால் எட்டக்கூடிய வெப்பநிலையும் அதற்கான அவகாசமும் தரப்படல் வேண்டும். முன்னையதின்றிச் சுற்றுக்காலத்தைக் கணிக்க இயலாதவாறு போல, பின்னையதின்றிக் கலனின் பருமனைத் தெரிவுசெய்யவும் இயலாதிருத்தல் வேண்டும். இரண்டாவது, இடையில் நின்றுபோன ஈட்டையும் ஒரு நிலையாகக் கொண்டு, அதிலிருந்து பாதுகாப்பாக மீளும் பணியையும் அப்பணிக்கு வேண்டிய ஆளையும் நேரத்தையும் வலையிலே எழுதவேண்டும். மூன்றாவது, செய்முறையை எழுதும் இரசாயனவியலாளர், கலனை அமைக்கும் பொறியியலாளர், நேரசூசியை வகுக்கும் முகாமையாளர் ஆகிய மூவரோடு, இரவுமுறையில் வால்வைத் திறந்து மூடும் தொழிலாளியும் வடிவமைப்பிற் பங்குபெறல் வேண்டும். எந்த ஈடு எப்போது முரண்டுபிடிக்கும் என்பதை மீற்றர் காட்டுமுன்னரே கலக்கியின் ஓசையால் அறிந்தவர் அவரே. அவ்வறிவை ஏற்காத ஒருங்கிணைப்புப் பாதி ஒருங்கிணைப்பே.

இம்மூன்றும் செலவைக் கூட்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இதுவரை அச்செலவு இல்லாதிருந்தது என்று எண்ணுவது தவறு. மேடாவின் அயலிலே வீடிழந்தவர்களும் போபாலின் குடிசைகளில் மூச்சிழந்தவர்களும் அதனைச் செலுத்தினர்; அது கணக்கேட்டில் எழுதப்படாமலிருந்தது என்பதே வேறுபாடு. எமது பல்கலைக்கழகங்களில் இத்துறையைக் கற்கும் இளைஞர் நாளை இங்கோ வேறு நாட்டிலோ இத்தகைய ஆலைகளை வரையப்போகின்றனர். அவர்கள் ஒரு பயிற்சி வினாவைச் செய்து முடித்து, 'இதுவே உத்தம விடை' என்று அடிக்கோடிடும்போது, அவ்விடையின் அருகே 'யாருக்கு?' என்று எழுதிப்பார்க்கும் வழக்கத்தையும் நாம் கற்பித்தல் வேண்டும். அவ்வொரு சொல்லை எழுதுவதற்குப் புதிய கணிதம் எதுவும் வேண்டியதில்லை.